மீனின் சூலகமும் அதன் உயிரணுக்களும்

மீனின் வயிற்றைக் கீறுங்கால் சினை திரண்டிருத்தலை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அச்சினையைத் தோற்றுவிக்கும் உறுப்பே சூலகம். அதனை முட்டைகள் நிறைந்த வெறும் பையென எண்ணுதல் பிழையாம். முட்டையாக முதிரும் உயிரணுக்கள், அவற்றைச் சூழ்ந்து வளர்ப்பன, ஹார்மோன் சுரப்பன, இடைநின்று தாங்குவன எனப் பல வகையின அங்கே ஓர் ஊரார்போல் வாழ்கின்றன.

இவையாவும் ஒரே கருவினின்று தோன்றியவை. இவற்றின் மரபணுக்களும் ஒன்றே. அங்ஙனமாயின் தொழில் வேறுபடுவது எவ்வாறு? எல்லாத் தொழிலும் எழுதப்பட்ட பெருநூல் ஒன்றில், வைத்தியர் வைத்தியப் பகுதியையும் தச்சர் தச்சுப் பகுதியையும் படித்தல் போல, ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய மரபணுக்களையே தொழிற்படுத்துகின்றது. அவ்வாறு தொழிற்படும் மரபணு, ஆர்.என்.ஏ. என்னும் நகலைத் தோற்றுவிக்கும். நகல்களை எண்ணுவோமாயின், எவ்வுயிரணு யாது செய்கின்றதென அறியலாம்.

முன்னர்ச் சூலகம் முழுவதையும் அரைத்தே நகல்களை எடுத்தனர். அது சந்தையிரைச்சலில் ஒருவர் சொல்லைத் தேடுவது போலாயிற்று. இக்காலத்திலோ, நொதிகளால் உயிரணுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி நுண்துளியில் அடைத்து, அதன் நகல்கள் அனைத்திற்கும் ஒரே அடையாளம் இடுகின்றனர். பின்னர்க் கணினியின் துணையால் அவை வகைப்படுத்தப்படுகின்றன.

இம்முறையால் வரிக்குதிரை மீனின் சூலகத்தைக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் பகுதியைச் சார்ந்த புரூஸ் டிரேப்பர் குழுவினர் ஆராய்ந்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். இம்மீன் நம் தேசத்ததே. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்களைப் பற்றிய நூலில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. முதிர்ந்த முட்டைகள் பருத்தனவாதலின் நுண்துளிக்குள் அடங்கா. ஆதலின் 40 நாள் வயதுடைய மீன்களின் இளஞ்சூலகங்களையே அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

ஆய்வுக்கூடங்களில் வளரும் இம்மீன்களுக்குப் பாலை வரையறுக்கும் தனிக் குரோமோசோம் இல்லை. குஞ்சுகளில் முதலில் சூலகம் போன்றதோர் உறுப்பே உண்டாகிச் சிலவற்றில் பின்னர் விந்தகமாக மாறுகின்றது. முட்டையாவதற்கு முற்படும் இளம் உயிரணுக்களில் 'ஃபாக்ஸ்-எல்-2-எல்' என்னும் மரபணு தொழிற்படுதலை அக்குழுவினர் கண்டனர். அம்மரபணுவைச் சிதைத்தபோது மீன்களனைத்தும் ஆணாகவே வளர்ந்தன! கண்ணுக்குப் புலப்படாத சில உயிரணுக்களிலுள்ள ஒரு மரபணு, மீனின் பாலையே தீர்மானித்து விடுகின்றது.

இதனால் நமக்கு வரும் பயன் யாது? மகளிர்க்கு முட்டையணுக்கள் பிறப்பதற்கு முன்னரே உண்டாகி, வயது ஏறுந்தோறும் குறைந்து வருகின்றன. சிலருக்குச் சூலகம் இளமையிலேயே செயலற்றுப்போக, மகப்பேறின்றி அவர்கள் வருந்துவதை நாம் அறிவோம். வரிக்குதிரை மீனோ, வளர்ந்த பின்னரும் மூல உயிரணுக்களைப் போற்றிப் புதிய முட்டைகளை ஆக்குகின்றது. மீனிற் கண்டது மாந்தர்க்கும் அப்படியே பொருந்துமெனத் துணிதல் தகாது. ஆயினும், ஒரு சூலகம் வற்றாதிருப்பது எங்ஙனமென்று அறிந்த பின்னரே, மற்றொன்று வற்றுவது ஏனென்று நாம் தெளிவாக வினவ இயலும்.