தூக்குக் கயிறு விலகிய பின்

சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுண்ட பின்னரே பாண்டிய மன்னன் தன் பிழையை உணர்ந்தான். உணர்ந்தும் பயனென்ன? போன உயிர் மீளவில்லை. மரண தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணம் எனலாம். நம் அரசியல் சட்டம் அவ்வதிகாரத்தை 72ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவில் ஆளுநருக்கும் வழங்கியுள்ளது.

அவ்வாறு குறைக்கப்பெற்ற பின் அக்கைதி என்னவாகிறார்? "பதினான்கு ஆண்டுகள் கழித்து வெளியே வந்துவிடுவார்" என்பதே வகுப்பறையில் நான் வழக்கமாகக் கேட்கும் விடை. அது பிழையாகும். ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்கும் உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1961ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 433-அ பிரிவு, இத்தகைய கைதியை 14 ஆண்டுகள் சிறையில் கழியுமுன் அரசு விடுவிக்கலாகாது என்றது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. ஆகவே, பதினான்காம் ஆண்டில் சிறைக்கதவு தானே திறப்பதில்லை. அதன் பின்னரே அரசு அவரது விடுதலையைக் கருதிப் பார்க்கலாம்.

இதற்குச் சான்று நம் செம்பாக்கத்திற்குத் தொலைவில் இல்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் வேறு பலரும் உயிரிழந்தனர். அவ்வழக்கில் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1999இல் உறுதி செய்தது. 2000இல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பெற்றது. ஏனைய மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் இருந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அக்காலதாமதத்தையே காரணமாகக் கொண்டு, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 பிப்ரவரி 18 அன்று அவர்களது தண்டனையையும் ஆயுளாக மாற்றியது.

மறுநாளே தமிழக அரசு விடுதலை செய்ய முடிவெடுத்தது. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று 2015இல் தீர்ப்பாயிற்று. 2018இல் தமிழக அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியது. அது ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்தது. இறுதியில், 142ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று எஞ்சியோரையும் விடுவித்தது. தண்டனை குறைந்த நாளிலிருந்து நளினி காத்திருந்த காலம் 22 ஆண்டுகள். ஏனைய மூவர் காத்திருந்தது 8 ஆண்டுகள்.

பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் சிறையிலிருந்தே பட்டங்கள் பெற்றார். அவர் தாயார் அற்புதம்மாள் மகனுக்காக ஓயாது அலைந்தார். இலங்கையரான சாந்தனோ விடுதலைக்குப் பின்னும் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். தாயகம் திரும்பும் வேளையில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் காலமானார். யாழ்ப்பாணம் சேர்ந்தது அவர் உடலே.

குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த குடும்பங்களின் துயரம் எந்தத் தீர்ப்பாலும் தீர்வதன்று. அதனை மறத்தல் அறமாகாது. எனினும், விடுவிப்பதாயினும் மறுப்பதாயினும் முடிவு உரிய காலத்தில், காரணத்தோடு வருதல் வேண்டும். ஆராயாது வழங்கிய தீர்ப்பு மதுரையில் ஓர் உயிரைப் பறித்தது. முடிவெடுக்காது காலங்கடத்துவதும் ஒருவர் வாழ்நாளைப் பறிக்கக்கூடும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.