சொத்தைப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். கூலி பெற வந்த உறுப்பினர் ஒருவருடன் அவருடைய ஐந்து வயது மகளும் வந்திருந்தாள். குழந்தையின் முன்பற்கள் இரண்டு கரி பூசினாற்போல் கறுத்திருந்தன. "டாக்டர் ஏதோ மருந்தைத் தடவிப் பல்லைக் கெடுத்துவிட்டார், ஐயா" என்று தந்தை மனம் நொந்து கூறினார். மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். சில்வர் டையமின் புளோரைடு என்று எழுதியிருந்தது.

வெள்ளியும் புளோரைடும் சேர்ந்த இத்திரவம் ஜப்பானில் 1970 முதல் வழக்கில் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி கிருமிகளை அழிக்கிறது. புளோரைடு இளகிய பல்லை இறுகச் செய்கிறது. ஊசியில்லை, பல்லைக் குடைவதுமில்லை; சிறு தூரிகையால் தடவினால் போதும். சொத்தையான இடம் மட்டும் கறுக்கும். ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ ஒரு முறை மீண்டும் தடவ வேண்டியிருக்கும். கறுக்கும் என்பதைத் தந்தையிடம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். பெண் குழந்தையைப் பெற்றவர் அஞ்சுவது இயல்பே.

பல்லுக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. நாம் உண்ணும் சர்க்கரையைக் கிருமிகள் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனை மெல்லத் திருப்பிச் செலுத்துகிறது. அதற்கு அவகாசம் வேண்டும். தறிக்குழியில் அமர்ந்தபடி மணிக்கொரு முறை சர்க்கரையிட்ட தேநீர் அருந்தினால் செலவின்மேல் செலவாகி வரவுக்கு இடமே இராது. எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை முறை என்பதையும் எண்ண வேண்டும்.

பாவில் அறுந்த இழையை உடனே முடிந்துவிட்டால் துணியில் குறை தெரியாது. பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றும் நிலையும் அத்தகையதே. குழி விழாத அந்நிலையில் புளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் துலக்கி வந்தால் பல் தானே இறுகக்கூடும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடுங்கள். நீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும்.

குழி விழுந்த பின்னும் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை ஒன்றுண்டு; 1980களின் நடுவில் டான்சானியாவில் தொடங்கியது. ஆயினும் இரவில் தானே எழும் வலிக்கும், ஈறு வீக்கத்திற்கும் இவையெல்லாம் உதவா. அங்கே தாமதித்தல் ஆபத்து.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து விவசாய உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு சொல். அங்குப் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை படிவது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. ஆழ்துளைக் கிணற்று நீரையே பருகுவோர் அதனைச் சோதித்துப் பார்த்தல் நன்று.

"இந்தக் கறுப்பு எப்போது போகும், ஐயா?" என்று அத்தந்தை விடைபெறும்போது கேட்டார். இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் அப்பாற்பற்கள் விழுந்து, புதுப்பற்கள் வெண்மையாகவே முளைக்கும் என்றேன். குழந்தை அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.