ஒரு வருடம் வேறு நாட்டில் படிப்பு: பாடங்களைத் தெரிவது எப்படி?

இடம்பெயர்ந்து வந்த ஊரில் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனபோது, விடுகைப் பத்திரம் கையில் இல்லாமல் அலைந்தவர்கள் நம்மில் பலர். பிள்ளை படித்திருக்கிறது, ஆனால் அதைக் காட்டக் கடதாசி இல்லை. இடம் மாறிப் படிக்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். ஐரோப்பாவில் பல்கலைக்கழக மாணவர் ஒரு வருடம் வேறு நாட்டில் படிக்கும்போது இதை எப்படித் தவிர்க்கிறார்கள் எனப் பார்ப்போம். அங்கு வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

எராஸ்மஸ் திட்டம்

1987 இல் 11 நாடுகள் சேர்ந்து இத்திட்டத்தைத் தொடங்கின. முதல் வருடம் 3,244 மாணவர்கள் சென்றார்கள். இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை வேறு நாட்டில் படிக்கலாம். போகுமிடத்துப் பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணம் அறவிடாது. உதவிப்பணம் உண்டு; ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது முழுவதும் போதாது. ஆகவே வருடம் வீணானால் வீட்டுக் காசும் வீண்.

பொது அளவு

நெல்லைப் புசலில் அளப்பவரும் கிலோவில் அளப்பவரும் கணக்குப் பார்க்க ஒரு பொது அளவு வேண்டும். படிப்புக்கு அப்படி வகுத்த அளவு கிரெடிட் எனப்படும் புள்ளி. முழு வருடப் படிப்பு 60 புள்ளி. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் படிப்பதும் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதும் இதற்குள் அடங்கும்.

தெரியும்போது கவனிக்க வேண்டியவை

ஜேர்மனியில் விவசாயம் படிக்கும் ஒரு மாணவி, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

1. பாடத்தின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. 'மண்ணியல்' என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் தொடக்கப் பாடமும் இன்னோரிடத்தில் உயர்பாடமும் இருக்கலாம். பாடத்திட்டத்தை வாசித்து ஒப்பிட வேண்டும்.

2. அடுத்த வருடப் படிப்புக்கு அத்திவாரமான கட்டாயப் பாடங்களைத் தவற விடக்கூடாது. சரியான ஈடு அங்கு இல்லையென்றால் அவற்றைச் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. வெளியில் விருப்பப் பாடங்களை எடுக்கலாம். நெதர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. நீர் முகாமைத்துவம் படிக்க அதைவிட நல்ல இடம் எது?

3. கற்பிக்கும் மொழியை விசாரிக்க வேண்டும். கடையில் பேசப் போதுமான மொழி, பரீட்சை எழுதப் போதாது.

4. நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் குளிர்கால அரையாண்டு ஒக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். நெதர்லாந்தில் வருடம் செப்டெம்பரில் தொடங்கும். வாகனிங்கனில் அது ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஓரிடத்துப் பரீட்சை முடியுமுன் மற்ற இடத்து வகுப்புத் தொடங்கிவிடலாம்.

5. ஒரு பாடம் நிரம்பிவிடலாம்; நேரம் மோதலாம். பதிலாக எடுக்க இரண்டு மூன்று பாடங்களைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமானது கற்கை ஒப்பந்தம். எந்தப் பாடம், எத்தனை புள்ளி, திரும்பியதும் எதற்கு ஈடாகக் கொள்ளப்படும் என்று எழுதி, மாணவி, அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் புறப்படுமுன்னரே ஒப்பமிடுவார்கள். பாடத்தை மாற்றினால் குறித்த காலத்துக்குள் அதையும் எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். ஒரு விரிவுரையாளர் வாயால் சொன்ன 'சரி' போதாது. முடிவில் பெறுபேற்றுப் பத்திரம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துடன் உடன்படிக்கை செய்திருந்தால், இங்குள்ள மாணவரும் இத்திட்டத்தில் போக இடமுண்டு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை தன் பீடத்தில் விசாரிக்கலாம்.

உங்கள் பிள்ளையோ உறவுப் பிள்ளையோ இப்படிப் போகப் புறப்பட்டால், மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பாடம்? திரும்பி வந்தால் அது கணக்கில் சேருமா? அதற்குக் கடதாசி இருக்கிறதா? இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. கடதாசி இல்லாமல் அலைந்த அனுபவம் போதும்.