இடைமுக விவரக் கோப்பும் இணைப்பு நிரல் ஆக்கமும்

இடைமுக விவரக் கோப்பு என்பது, கணினியில் தனித்தனியே இயங்கும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று எப்படி அழைக்கலாம், எந்தத் தரவைக் கொடுக்கலாம், எந்தத் தரவைப் பெறலாம் என்பதை எழுதி வைக்கும் சிறு உரைக்கோப்பு ஆகும். இக்கோப்பைப் படித்து, இரு பக்கத்துக்கும் வேண்டிய நிரல் வரிகளை ஒரு கருவி தானாகவே எழுதித் தரும். அவ்வாறு கிடைக்கும் வரிகளே இணைப்பு நிரல் எனப்படுகின்றன.

தேவை

இயக்க அமைப்பு, இயங்கும் ஒவ்வொரு நிரலையும் ஒரு தனிச் செயல்முறையாக நடத்துகிறது. ஒரு செயல்முறையின் நினைவகத்தை மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது நிற்காமல் இருக்க இந்தத் தடுப்புச் சுவர் உதவுகிறது. ஆனால் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டுமானால், சொல்ல வேண்டியதைப் பைட்டுகளாக மாற்றி, இயக்க அமைப்பின் வழியாக அனுப்ப வேண்டும்.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பயிற்சி உள்ளது. பைத்தான் நிரல், சி++ நிரலை மொழிபெயர்க்கச் செய்து, பிறகு அதை ஓடவிடுகிறது. அந்தக் கணத்தில் மாணவர் இரண்டாவது செயல்முறை ஒன்றைத் தொடங்கிவிட்டார். விடை திரையில் தெரிகிறது. அந்த விடை திரைக்குப் போகாமல் பைத்தான் நிரலிலுள்ள ஒரு மாறிக்கு வந்து சேர வேண்டுமானால் என்ன செய்வது? செயல்முறைகளுக்கு இடையிலான தொடர்பு என்னும் பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைய முட்டை விலையைக் குறித்து வைக்கும் நிரல் பைத்தானில் உள்ளது. வணிகர்களுக்குப் பட்டியல் போடும் நிரல் சி++ மொழியில் உள்ளது. ஒரு முட்டை 5 ரூபாய் 40 காசு என்றால், 540 என்ற எண் முதல் நிரலிலிருந்து இரண்டாவதற்குப் போக வேண்டும்.

32 பிட் முழு எண்ணாக எழுதினால், 540 என்பது 0, 0, 2, 28 என்ற நான்கு பைட்டுகள். அனுப்பும் நிரல் பெரிய இடமதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்புகிறது. வாங்கும் நிரலோ சிறிய இடமதிப்புள்ள பைட்டே முதலில் வருவதாக எடுத்துக்கொள்கிறது. அப்போது அதே நான்கு பைட்டுகள் 46,98,93,120 என்று படிக்கப்படும். ஐந்தரை ரூபாய்கூட இல்லாத முட்டை, பட்டியலில் 46 இலட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். இரு நிரல்களையும் தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. பிழை இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

இத்தகைய வரிகளைக் கையால் எழுதும்போது, ஒரே உடன்பாட்டை இரண்டு இடங்களில், இரண்டு மொழிகளில் எழுத நேர்கிறது. ஓரிடத்தில் திருத்தி மற்றதில் திருத்த மறந்தால் உடன்பாடு குலைந்துவிடும்.

விவரக் கோப்பின் அமைப்பு

உடன்பாட்டை ஒரே இடத்தில் எழுதி வைப்பதே இதற்குத் தீர்வு. மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கான விவரத்தைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

சேவை: முட்டைவிலை
செயல்: விலை_கேள்
உள்ளே: நாள் – சரம்
வெளியே: விலை – 32 பிட் முழு எண்

விலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இதில் இல்லை. என்ன கேட்கலாம், என்ன கிடைக்கும் என்பது மட்டுமே உள்ளது. அதனால்தான் இது எந்த நிரல்மொழியையும் சாராமல் நிற்கிறது.

கருவி செய்யும் வேலை

நிரல் ஆக்கும் கருவி இக்கோப்பைப் படித்து இரண்டு துண்டுகளை எழுதுகிறது.

அழைக்கும் பக்கத்துக்கான துண்டு, சாதாரணச் செயற்கூறு போலவே தோன்றும். பட்டியல் நிரல் அதை அழைத்தவுடன், நாளைக் குறிக்கும் சரத்தைப் பைட்டுகளாகக் கோத்து, மறுபக்கம் அனுப்பி, விடைக்காகக் காத்திருந்து, வந்த பைட்டுகளைப் பிரித்து எண்ணாக்கித் தரும்.

விடை தரும் பக்கத்துக்கான துண்டு, வந்த பைட்டுகளைப் பிரித்து, எந்தச் செயல் கேட்கப்பட்டது என்று பார்த்து, நிரலாளர் எழுதிய செயற்கூறை அழைத்து, அதன் விடையைக் கோத்துத் திருப்பி அனுப்பும்.

பைட்டுகளின் வரிசை, சரத்தின் நீளம், தரவினச் சோதனை ஆகிய அனைத்தும் இத்துண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கருவி எழுதிய வரிகளைக் கையால் திருத்தக் கூடாது. சேலம் வட்டாரத்தில் ஜக்கார்டு தறி ஓட்டுபவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். பூ வேலையை மாற்ற வேண்டுமானால் வரைபடத்தைத் திருத்தி, அட்டையை மறுபடி குத்த வேண்டும். நெய்த சேலையைத் திருத்திப் பயனில்லை. இங்கே வரைபடம் விவரக் கோப்பு. அதைத் திருத்தாமல் ஆக்கிய நிரலைத் திருத்தினால், கருவி அடுத்த முறை ஓடும்போது அந்தத் திருத்தம் அழிந்துவிடும்.

வளர்ந்த வழி

தொலைவிலுள்ள செயற்கூறை அருகிலிருப்பது போல அழைக்கும் முறையை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகியோர் செய்து காட்டினர். அவர்களது கட்டுரை 1984இல் வெளியானது. மெசா மொழியின் இடைமுகக் கோப்புகளிலிருந்து இரு பக்கத் துண்டுகளையும் எழுத, லூப்பின் என்ற கருவியை அவர்கள் பயன்படுத்தினர். பின்னர் சன் நிறுவனத்தின் ஆர்பிசிஜென், பல நிறுவனங்கள் கூடி 1991இல் வெளியிட்ட கோர்பா, மைக்ரோசாஃப்டின் மிடில் ஆகியவை வந்தன. ஃபேஸ்புக் 2007இல் திரிஃப்டையும், கூகுள் 2008இல் புரோட்டோகால் பஃபர்ஸையும் பொதுவில் வெளியிட்டன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதே வேலையை ஏஐடிஎல் கோப்புகள் செய்கின்றன.

லினக்ஸ் மேசைக்கணினிகளில் டி-பஸ் என்னும் அமைப்பு இதற்குப் பயன்படுகிறது. அதன் விவரக் கோப்புகள் எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கும். ஜிடிபஸ்-கோட்ஜென் என்ற கருவி அவற்றிலிருந்து சி மொழி நிரலை ஆக்கும். உபுண்டுவில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர், தம்மை அறியாமலே இந்த அமைப்பைப் பயன்படுத்துகிறார். அழுத்திய விசை மூன்று முழு எண்களாகத் தட்டச்சுப் பொறியின் செயல்முறைக்குப் போகிறது. "இதை நான் எடுத்துக்கொண்டேன்" அல்லது "இல்லை" என்ற விடை திரும்பி வருகிறது. உருவான தமிழ் எழுத்து தனிச் செய்தியாக வந்து சேர்கிறது.

மாற்றம் வரும்போது

விவரக் கோப்பு ஒருமுறை எழுதி முடிப்பதன்று. புதிய தேவைகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இரு பக்க நிரல்களும் ஒரே நாளில் மாறுவதில்லை. எனவே பழைய நிரலும் புதிய நிரலும் சில காலம் சேர்ந்து ஓட வேண்டும். புரோட்டோகால் பஃபர்ஸ் இதற்காக ஒவ்வொரு தரவுக்கும் ஓர் எண் தருகிறது. பைட்டுகளில் தரவின் பெயர் போவதில்லை, எண் மட்டுமே போகிறது. ஒரு தரவை நீக்கிவிட்டாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பழைய நிரல் புதிய தரவைப் பழைய பொருளிலேயே படிக்கும். டி-பஸ்ஸில், பெரிய மாற்றம் செய்யும்போது இடைமுகப் பெயரின் இறுதியில் உள்ள எண்ணை உயர்த்தும் வழக்கம் உண்டு.

கருவியால் காக்க முடியாதவை

ஆக்கிய துண்டு சாதாரணச் செயற்கூறு போலத் தோன்றினாலும் அது சாதாரணச் செயற்கூறு அன்று. மறுபக்கச் செயல்முறை நின்று போயிருக்கலாம், அல்லது விடை தரத் தாமதிக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது, விடை வராவிட்டால் என்ன செய்வது என்பதை நிரலாளரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கருவி தரவின் வடிவத்தை மட்டுமே அறியும், பொருளை அறியாது. மேற்கண்ட விவரத்தில் "விலை – 32 பிட் முழு எண்" என்று மட்டுமே உள்ளது. அது காசா ரூபாயா, ஒரு முட்டைக்கா 30 முட்டை கொண்ட ஒரு தட்டுக்கா என்பது அதில் இல்லை. ஒரு பக்கம் முட்டைக்கு என்று அனுப்பி, மறுபக்கம் தட்டுக்கு என்று படித்தாலும், நிரல்பெயர்ப்பி எந்தப் பிழையும் காட்டாது.

இதற்கு உலகறிந்த சான்று, நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம். இரண்டு மென்பொருள்களுக்கு இடையே கோப்பு வழியாகத் தரவு போனது. இடைமுக ஆவணம் நியூட்டன்-நொடி அலகைக் குறித்திருந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளோ பவுண்டு-நொடி அலகில் எழுதியது. ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. எண்கள் எண்களாகவே வந்ததால் எந்தக் கருவியும் தடுக்கவில்லை. 1999 செப்டம்பர் 23 அன்று விண்கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி அழிந்தது. உடன்பாடு எழுத்தில் இருந்தும் காக்க முடியவில்லை.

எனவே விவரக் கோப்பில் "விலை" என்று எழுதாமல் "ஒரு_முட்டை_விலை_காசில்" என்று எழுதுவது நல்லது. பெயர் சற்று நீளமானாலும், கருவி அதே பெயரை இரு பக்க நிரல்களிலும் கொண்டு சேர்க்கும். பட்டியல் நிரலை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அந்த அலகைப் பார்த்தபடியே எழுதுவார்.