நாலே வாஷ்ல பிரின்ட் உரிஞ்சு போச்சா? டி-ஷர்ட்டைக் காப்பாத்த இதைப் பண்ணுங்க!

டிபார்ட்மென்ட் டூருக்கு ஒண்ணு, கல்ச்சுரல்ஸுக்கு ஒண்ணு, ஃப்ரெண்டோட கல்யாணத்துக்கு 'மாப்பிள்ளை கேங்'னு ஒண்ணு, ஊர்த் திருவிழாவுக்கு ஒண்ணு... இப்போ யார் அலமாரியைத் திறந்தாலும் பிரின்ட் போட்ட டி-ஷர்ட் நாலாவது இருக்கும். ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? ஒரே கடையில், ஒரே நாளில் அடிச்ச 40 டி-ஷர்ட்டில் உங்க ரூம்மேட்டோடது ஒரு வருஷம் கழிச்சும் புதுசு மாதிரி இருக்கும். உங்களோடது மட்டும் கோடையில வெடிச்ச ஏரி மாதிரி விரிசல் விட்டிருக்கும்.

துணியும் ஒண்ணு, மையும் ஒண்ணு. அப்போ வித்தியாசம் எங்கே? பெரும்பாலும் பக்கெட்டிலும், துவைக்கிற கல்லிலும், அயர்ன் பாக்ஸிலும்தான்.

கடையில் வாங்கின சாதா டி-ஷர்ட் போனா இன்னொண்ணு வாங்கிடலாம். பின்பக்கம் மொத்த கிளாஸ் பேரும் அச்சடிச்ச ஃபேர்வெல் டி-ஷர்ட்டை எங்கே போய் வாங்குவீங்க? டிசைன் ஃபைல் யார்கிட்ட இருக்குன்னே தெரியாது. இருந்தாலும் ஒரே ஒரு பீஸுக்காக ஸ்கிரீன் போட்டுத் தர பல கடைகள் தயாரா இருக்காது. அதனால கையில் இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் புத்திசாலித்தனம். அது ஒண்ணும் பெரிய வேலையும் இல்லை.

முதல்ல, உங்க டி-ஷர்ட்டில் இருப்பது என்ன பிரின்ட்?

எல்லா பிரின்ட்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. விரலால் தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

ஸ்கிரீன் பிரின்ட்: மொத்தமா ஆர்டர் கொடுக்கும்போது பெரும்பாலும் இதுதான். இதில் அதிகம் பயன்படுவது 'பிளாஸ்டிசால்' என்கிற மை. பேருக்கு ஏத்த மாதிரி இது பிளாஸ்டிக் வகை. துணி மேல ஒரு மெல்லிய ரப்பர் படலம் மாதிரி உட்காரும். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்தால்தான் இந்த மை முழுசா இறுகும். அவசரத்தில் சரியா வேகாத பிரின்ட்தான் சீக்கிரம் வெடிக்கும். டெலிவரி வாங்கும்போதே பிரின்ட்டை லேசா இழுத்துப் பாருங்க. அப்பவே விரிசல் தெரிஞ்சா, கடையிலேயே திருப்பிக் கொடுத்துச் சரியா சூடு வைக்கச் சொல்லலாம்.

டிடிஎஃப்: இப்போ எங்கே பார்த்தாலும் இதுதான். டிசைனை முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடிச்சு, அது மேல பசைப் பொடி தூவி உருக்கி, பிறகு ஹீட் பிரஸ்ஸில் வச்சுத் துணியில் ஒட்டுவார்கள். போட்டோ மாதிரி பளிச்சுனு இருக்கும். தொட்டா வழவழன்னு ஸ்டிக்கர் மாதிரி தெரியும். பிடிமானம் முழுக்க அந்தப் பசையில்தான். பசை இளகினால் ஓரம் தூக்கும்.

வினைல்: ஜெர்சியில் பேரும் நம்பரும் போட இதைத்தான் நிறைய பேர் பயன்படுத்துறாங்க. ஷீட்டை எழுத்து எழுத்தா வெட்டி, சூடு வச்சு ஒட்டுவது. இதற்கும் எதிரி சூடும் உரசலும்தான். முதலில் உரியுறது எழுத்தோட கூர்மையான முனைகள்.

டிடிஜி: பேப்பரில் பிரின்ட் எடுக்கிற மாதிரி நேரா துணி மேலேயே அடிப்பது. கை வச்சா மெத்துனு இருக்கும். உரியுற பேச்சே கிடையாது. ஆனா கடுமையா துவைச்சா நிறம் மங்கும்.

சப்ளிமேஷன்: கிரிக்கெட் டீம் பாலியஸ்டர் ஜெர்சிகளில் பார்ப்பது. சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துக்கும். தடவினா எதுவுமே தெரியாது. உரியாது, வெடிக்காது. அதிகச் சூடு மட்டும் ஆகாது. அந்தச் சாயம் மறுபடி ஆவியாகிப் பக்கத்தில் பரவிடும்.

முதல் 24 மணி நேரம்

புது டி-ஷர்ட் வந்த கையோடு துவைக்கணும்னு அவசரப்படாதீங்க. அச்சடிச்சு ஒரு நாளாவது ஆகட்டும். பசையும் மையும் துணியில் முழுசா பிடிக்க அந்த நேரம் உதவும்.

முதல் வாஷ் எப்பவும் தனி வாஷ். குறிப்பா கறுப்பு, சிவப்பு, நேவி புளூ. சாயம் போகுமான்னு சந்தேகமா இருந்தா, வெள்ளைத் துணி ஒண்ணை ஈரமாக்கி டி-ஷர்ட்டோட உள்பக்க ஓரத்தில் அழுத்திப் பாருங்க. துணியில் நிறம் ஏறினா இன்னும் ரெண்டு, மூணு வாஷுக்கு அதைத் தனியா வைக்கணும்.

'கல்லுப்பு போட்டு ஊற வை, சாயம் நிக்கும்'னு அம்மா சொல்வாங்க. சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். சாயத்தைத் துணிக்குள்ள தள்ள அது உதவும். ஆனா காட்டனில் சாயத்தை நிலைக்க வைப்பது காரம். பட்டறையில் ஒட்டாமல் மிச்சம் நின்ற சாயத்தை, வீட்டு பக்கெட்டில் போடுற ஒரு பிடி உப்பு நிறுத்தாது. அந்த மிச்சம் வெளியே போகத்தான் வேணும். தனியா துவைச்சு, தண்ணி தெளியும் வரை அலசுறதுதான் வழி.

துவைக்கும்போது...

உள்பக்கம் வெளியே: இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும். டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுத்தான் துவைக்கணும். மெஷினுக்குள்ள ஜீன்ஸ் ஜிப்பும் பட்டனும் பிரின்ட்டை உரசுறதுதான் பெரிய சேதம். கூட, வியர்வை பட்ட பக்கம் நல்லா சுத்தமாகும்.

பச்சைத் தண்ணி போதும்: வெந்நீர் பசையை இளக்கும், காட்டனைச் சுருக்கும். குழாயில் வருகிற தண்ணி தாராளமா போதும். ஒரு எச்சரிக்கை: மே மாசம் மதியம் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருவது கிட்டத்தட்ட வெந்நீர்தான். காலையிலேயே துவைச்சிடுங்க.

மெஷினில் ஜென்டில் மோட்: ஜீன்ஸ், துண்டு இதெல்லாம் தனி. டி-ஷர்ட்கள் தனி. டிரம்மை அமுக்கி அமுக்கி நிரப்பாதீங்க. துணி புரள இடம் இருந்தாதான் அழுக்கும் போகும், உரசலும் குறையும்.

கையால் துவைக்கிற ஹாஸ்டல்வாசிகளே: ராத்திரி ஊற வச்சுட்டுக் காலையில் துவைக்கிற பழக்கம் இதுக்கு வேண்டாம். 15 முதல் 20 நிமிஷம் போதும். பிரின்ட் மேல பிரஷ் போடக் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது. காலர், அக்குள் பகுதியை மட்டும் கையால் கசக்கி, மற்ற இடத்தை நுரையில் அமுக்கி அமுக்கி எடுத்தாலே போதும். முறுக்கிப் பிழியவும் வேண்டாம். முறுக்கும்போது துணி வளையும். மேல உட்கார்ந்திருக்கிற படலத்தால் அந்த அளவுக்கு வளைய முடியாது. அங்கேதான் முதல் விரிசல் விழுது. உருட்டி அழுத்தித் தண்ணியை வடிச்சிடுங்க.

சோப்பு விஷயம்: மைல்டான லிக்விட் டிடர்ஜென்ட் நல்லது. போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவா? அந்தத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கட்டி சோப்போட சேர்ந்து திட்டுத் திட்டா படியும். கறுப்பு டி-ஷர்ட் சாம்பல் பூத்த மாதிரி ஆகுறதுக்கு இதுவும் ஒரு காரணம். நல்ல தண்ணி ஒரு பக்கெட் கிடைச்சா, கடைசி அலசலுக்கு அதை வச்சுக்கோங்க. ப்ளீச் பக்கமே போகாதீங்க. கம்ஃபர்ட் மாதிரி வாசனை கண்டிஷனரும் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. அது நூல் மேல ஒரு பூச்சு மாதிரி படிஞ்சு, துணி வியர்வையை உறிஞ்சுறதைக் குறைக்கும்.

காய வைப்பதில்தான் பாதி கோட்டை விடுறோம்

நம்ம ஊர் வெயிலை விடச் சிறந்த டிரையர் கிடையாது. அதே வெயில்தான் நிறத்துக்கு வில்லனும். புற ஊதாக் கதிர்கள் சாயத்தை மெதுவா சிதைக்கும். அதனால டி-ஷர்ட்டை நல்லா உதறி, உள்பக்கம் வெளியே இருக்கிற அதே நிலையில், நிழலா காத்தோட்டமா இருக்கிற இடத்தில் போடுங்க. நிழலுக்கு வழியே இல்லைன்னா காய்ஞ்ச உடனே எடுத்திடுங்க. காலையில் போட்டதைச் சாயங்காலம் வரை விடாதீங்க.

டி-ஷர்ட் துணி நெய்தது இல்லை, பின்னியது. நூல் கண்ணி கண்ணியா கோத்திருப்பதால்தான் அது இழுபடுது. ஈரமா இருக்கும்போது அதன் எடையே அதை இழுத்துடும். ஹேங்கரில் ஈர டி-ஷர்ட்டை மாட்டினா கழுத்து தொளதொளன்னு ஆகும். தோளில் கிளிப் போட்டா ரெண்டு கொம்பு முளைக்கும். கொடியில் பாதியா மடிச்சுப் போடுங்க, இல்லைன்னா கீழ் ஓரத்தில் கிளிப் போட்டுத் தலைகீழா தொங்க விடுங்க. மடிப்பு பிரின்ட் நடுவில் விழாமல் பார்த்துக்கோங்க.

அயர்ன் பாக்ஸ்: ஒரு நொடி போதும்

பிளாஸ்டிசால், வினைல், டிடிஎஃப் மூணுமே சூட்டில் இளகும். சூடான பெட்டியை நேரா பிரின்ட் மேல வச்சா, டிசைன் பெட்டியில் ஒட்டிக்கிட்டு வரும். உங்க ஹீரோவோட முகம் வாய் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போன கதையெல்லாம் இப்படித்தான் நடக்குது.

உள்பக்கமா திருப்பி, மிதமான சூட்டில், பிரின்ட் இருக்கிற இடத்தைத் தவிர்த்துத் தேயுங்க. அந்த இடத்தைத் தேய்ச்சே ஆகணும்னா மேல ஒரு மெல்லிய காட்டன் துணி போட்டுக்கோங்க. தெருமுனை அயர்ன் கடையில் கொடுக்கிறதா இருந்தா, "அண்ணா, இதுல பிரின்ட் இருக்கு, திருப்பிப் போட்டுத் தேய்ங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. கரிப் பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் கிடையாது. அவருக்குத் தெரிஞ்சாதானே பார்த்துத் தேய்ப்பார்!

காய்ஞ்சதும் மடிக்கும்போது, பிரின்ட்டும் பிரின்ட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி அடுக்காதீங்க. வெயில் காலத்தில் பீரோவுக்குள்ள ஏறுற சூட்டில் ரெண்டும் பிடிச்சுக்கும். சுருட்டி வைக்கிறது நல்லது.

ஆபத்துக்கு முதலுதவி

டிடிஎஃப் ஓரம் தூக்குதா? பிய்க்காதீங்க. கேக் பேக் பண்ண வைக்கிற பட்டர் பேப்பரை மேல போட்டு, ஸ்டீம் இல்லாமல், காட்டன் சூட்டில் 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடிங்க. தேய்க்கக் கூடாது, அழுத்தணும். ஆறின பிறகு பேப்பரை எடுங்க. மெழுகு பூசின பேப்பர் மட்டும் வேண்டாம். மெழுகு உருகித் துணியில் இறங்கிடும்.

சாம்பார் கொட்டிடுச்சா? சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பா மாறும். பயப்படாதீங்க, காரம் பட்டா மஞ்சளோட குணம் அது. நல்லா அலசிட்டு, கறை இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் படுற மாதிரி போடுங்க. வெயிலில் மஞ்சள் வெளுக்கும்.

மை, பெயின்ட், நெயில் பாலிஷ் கறையா? பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் பிரின்ட் மேல வைக்காதீங்க. கறையோட சேர்ந்து டிசைனும் கரையும்.

விரிசல் விட்ட பிரின்ட்டா? உண்மையைச் சொல்லணும்னா, அதைப் பழையபடி ஆக்க முடியாது. மேலும் மோசமாகாமல் பார்த்துக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கும்போது

டீமுக்கு டி-ஷர்ட் அடிக்கிற பொறுப்பு உங்க தலையில் விழுந்தா, விலைக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. துணி முழு காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா? எத்தனை ஜி.எஸ்.எம்? ஒரு சதுர மீட்டர் துணியோட எடைதான் இது. 180 சொன்னா 180 கிராம். என்ன பிரின்ட்? திருப்பூர் பக்கம் 'பயோ வாஷ்' பண்ணினதான்னும் கேட்பாங்க. நொதி வச்சு மேல்பக்கப் பிசிறை எடுத்த துணி அது. முடிச்சு முடிச்சா வருவது குறையும், பிரின்ட்டும் சமமா உட்காரும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணுதா? ஒரு காட்டன் டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்பு கணக்கு சொல்லுது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நீங்க 300 ரூபாய்க்கு வாங்கிய டி-ஷர்ட்டுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. நாலு வாஷில் அது தரை துடைக்கிற துணியா போனா, போனது 300 ரூபாய் மட்டும் இல்லை.

நல்லா உழைச்சு முடிச்ச டி-ஷர்ட்டையும் உடனே தூக்கிப் போடாதீங்க. பிரின்ட் பகுதியை வெட்டி ஃபிரேம் போடலாம், குஷன் கவர் தைக்கலாம். நாலு வருஷ டி-ஷர்ட்களைச் சேர்த்து ஒரு போர்வையாவே தச்சுக்கலாம்.

இன்னிக்கு ராத்திரி அழுக்குக் கூடையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க. பிரின்ட் டி-ஷர்ட் ஏதாவது நேரா கிடந்தா, திருப்பிப் போட்டுடுங்க. ஆரம்பம் அவ்வளவுதான்!