வேரோடு வாழும் துணைவர்கள்

ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பைக் கடந்து சிறிது தூரம் சென்றால் காப்பித் தோட்டங்களின் குளிர்ந்த நிழலைக் காணலாம். நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், அவற்றின் கீழே கரும்பச்சை இலைகளோடு காப்பிச் செடிகள், இடையிடையே ஆரஞ்சு மரங்கள். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். அன்று முதல் சேர்வராயன் மலைக் குடும்பங்கள் பலவற்றின் சோறும், பிள்ளைகளின் படிப்பும், பெண்மக்களின் திருமணமும் இப்பயிரோடு பிணைந்துள்ளன.

காப்பிச் செடி பூப்பதற்குக் கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை வேண்டும். அம்மழை தவறினாலோ காலந்தாழ்ந்தாலோ ஆண்டு வருமானமே ஆட்டங்காணும். மழையைக் கட்டளையிட்டு வரவழைக்க நம்மால் இயலாது. ஆனால், வறட்சியைத் தாங்கி நிற்கும் வலிமையைச் செடிக்குத் தருபவற்றுள் ஒன்று நம் கையில் இருக்கிறது. அது நம் காலடி மண்ணில், கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறது. அதைப் பேணுகிறோமா, பட்டினி போடுகிறோமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

மண்ணுக்குள் ஒரு பேரூர்

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதாவது ஒரு சிட்டிகை அளவு எடுத்தால், அதில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு பூசணங்களும் பிற நுண்ணுயிர்களும் உண்டு. இவை மண்ணில் எங்கும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் அளவில்தான் இவற்றின் கூட்டம் மிகுதி. அந்தச் சிறு பரப்பை வேர்மண்டலம் என்கிறோம். ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் 1904ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார்.

நுண்ணுயிர்கள் அங்கே கூடுவதற்குக் காரணம் விருந்தோம்பலே. பச்சிலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி தன் வேர்வழியே மண்ணில் கசிய விடுகிறது. உண்ண வருபவற்றுள் பகைவரும் உண்டு, நண்பரும் உண்டு. நண்பர் கூட்டம் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டால் பகைவர் நுழைவது கடினமாகிறது.

வேர் உட்பூசணம்

அந்த நண்பர்களுள் மூத்தது வேர் உட்பூசணம். இது வேரின் உள்ளே குடிபுகுந்து, அங்கிருந்து மெல்லிய இழைகளை மண்ணுக்குள் அனுப்புகிறது. வேருக்கும் பூசணத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்த ஆல்பர்ட் ஃபிராங்க் என்னும் ஜெர்மானியர், 1885ஆம் ஆண்டில் அதற்கு 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'பூசண வேர்' என்பது இதன் பொருள். ஸ்காட்லாந்து நாட்டின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுப் பழமையான செடிப் படிவங்களிலேயே இத்தகைய பூசணம் காணப்படுகிறது. செடிகள் தரையில் கால் ஊன்றிய நாள் முதலே இந்தத் துணை இருந்து வருகிறது எனலாம்.

மலையின் செம்மண்ணில் இத்துணைக்குத் தனி மதிப்பு உண்டு. இரும்பும் அலுமினியமும் மிகுந்த புளிப்பு மண், நாம் இடும் மணிச்சத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றியுள்ள சிறு பரப்பிலிருப்பதை மட்டுமே எடுக்க இயலும். வேரின் தூவிகளை விடவும் நுண்ணிய பூசண இழைகளோ, அதற்கு அப்பாலும் சென்று, மண்துகள்களின் இடுக்குகளில் புகுந்து, மணிச்சத்தையும் நீரையும் கொண்டு வருகின்றன. கைம்மாறாகச் செடி சர்க்கரையைக் கொடுக்கிறது. காப்பி, மிளகு, ஆரஞ்சு ஆகிய மூன்றுமே இந்தக் கொடுக்கல் வாங்கலில் வளர்பவை.

துணை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க ஆரஞ்சு நாற்றங்கால்கள் சான்று. அங்கே நோய்க் கிருமிகளை ஒழிப்பதற்காக நச்சுப் புகையிட்டு மண்ணைத் தூய்மை செய்தனர். நோய் அகன்றது, ஆனால் நாற்றுகளோ வளராமல் குன்றி நின்றன. புகை பகைவரோடு நண்பரையும் கொன்றுவிட்டது, வேர் உட்பூசணம் அழிந்ததே குறைக்குக் காரணம் என்பதை 1972ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

நம் ஏற்காட்டிலேயே இதைவிட வியப்பான சான்று உண்டு. இந்தியத் தாவர ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இங்கே அமைந்திருப்பதை நம்மில் பலர் அறிவோம். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைவிடுவதற்குத் தேவையான உணவு அதனுள் ஏறக்குறைய இல்லை. இயற்கையில் தகுந்த பூசணம் வந்து சேர்ந்து உணவூட்டினால்தான் அது முளைத்து வளரும். பிரெஞ்சு நாட்டின் நோயல் பெர்னார் 1899ஆம் ஆண்டில் இவ்வுண்மையைக் கண்டார். அழகுமலர் ஒவ்வொன்றின் பிறப்பிலும் ஒரு பூசணத்தின் உபகாரம் மறைந்திருக்கிறது.

தழைச்சத்து தருவோரும் காவலரும்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் செடிகள் அதை நேரடியாக உண்ண இயலாது. அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை, கல்யாண முருங்கை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா அதைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1880களில் இதனை மெய்ப்பித்தனர். காப்பித் தோட்டத்தில் கல்யாண முருங்கையை நிழலுக்கு வைப்பதால் நிழலோடு உரமும் கிடைக்கிறது. அதன் மெல்லிய இலை விரைவில் மட்கி மண்ணுக்கு உணவாகும். சில்வர் ஓக்கின் இலையோ மெல்ல மட்கும். இருவகை மரங்களும் கலந்திருப்பது மண்ணுக்கு நலம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எளிது. பூக்கும் பருவத்திலுள்ள ஒரு தட்டைப்பயற்றுச் செடியை ஈரமண்ணோடு மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். வேரிலுள்ள சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா நன்றாக உழைக்கிறது என்பது பொருள். நம் இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைப் போன்ற ஒன்றே அந்த முடிச்சுக்கும் நிறம் தருகிறது.

காவல் தொழில் புரிவோரும் உண்டு. டிரைக்கோடெர்மா என்னும் பூசணம், வேரழுகல் நோய்களை உண்டாக்கும் தீய பூசணங்களைச் சுற்றி வளைத்து அழிக்கிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா, மண்ணிலுள்ள இரும்புச்சத்தைத் தான் கைப்பற்றி நோய்க்கிருமிகளைப் பட்டினி போடுகிறது. அத்தோடு, செடியையே விழிப்படையச் செய்து, பின்னர் வரும் நோயை எதிர்க்க ஆயத்தப்படுத்துகிறது. இவ்விரண்டையும் விவசாயிகள் பயன்படுத்தத்தக்க தூள்களாக்கிப் பரப்பியதில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்குப் பெரும் பங்கு உண்டு. மிளகுக் கொடியை விரைந்து கொல்லும் வாடல் நோய்க்கு முற்காப்பாக, டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரத்தைக் கொடியின் அடியில் இடுமாறு வல்லுநர் பரிந்துரைக்கின்றனர்.

வறட்சியில் என்ன செய்கின்றன?

மண் காயும்போது செடி எத்திலீன் என்னும் வாயுவைத் தனக்குள் மிகுதியாக உண்டாக்குகிறது. அது அளவு மீறினால் வேர் வளர்ச்சி குன்றும், இலை பழுத்து உதிரும். வேர்மண்டலப் பாக்டீரியாக்கள் சில, எத்திலீனுக்கு மூலப்பொருளாக உள்ளதைத் தாமே உண்டுவிடுகின்றன. அதனால் வாயு குறைந்து, வேர் தொடர்ந்து வளர்கிறது. பூசண இழைகளோ, எஞ்சிய ஈரத்தைத் தேடிக் கொணர்வதோடு, மண்துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைக்கின்றன. அத்தகைய மண் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சரிவில் எளிதில் கரைந்து ஓடாது. மலைத் தோட்டத்திற்கு இதைவிடப் பெரிய நன்மை வேறென்ன?

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுண்ணுயிர்கள் மழைக்கு ஈடாகா. மழையற்ற நாட்களைத் தாங்கும் வலிமையைச் சிறிது கூட்டித் தருகின்றன, அவ்வளவே. அந்தச் சிறிது பல வேளைகளில் செடி பிழைப்பதற்கும் காய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமைகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சருகை எரிக்காதிருப்போம். உதிர்ந்த இலையே மண்ணுயிர்களின் உணவு, அதுவே அவற்றின் கூரையும். நெருப்பு வைப்பவர் அந்த ஊரின் களஞ்சியத்தையும் கூரையையும் ஒருங்கே எரிக்கிறார். தோட்டத்தில் மட்டுமன்று, வீட்டு முற்றத்திலும் கோயில் வளாகத்திலும் கூட்டிய சருகுக்கு ஒரு குழி வெட்டுவது நன்று.

இரண்டாவது, மண்ணைத் தேவையின்றிக் கிளறாதிருப்போம். கொத்துந்தோறும் பூசண இழைகள் அறுபடுகின்றன.

மூன்றாவது, உரத்தையும் பூசணக்கொல்லி மருந்தையும் மண் பரிசோதனையும் தேவையும் அறிந்து இடுவோம். மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் செடி பூசணத்தின் உறவைக் குறைத்துக்கொள்ளும். மருந்து அறவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவறிந்து இட வேண்டும் என்கிறோம்.

நான்காவது, நுண்ணுயிர் உரங்களை முறையறிந்து வாங்கிப் பயன்படுத்துவோம். பொட்டலத்தில் இருப்பவை உயிருள்ளவை. வெயிலில் வைத்தால் மாண்டுபோகும். காலாவதி நாளைப் பார்த்து வாங்க வேண்டும். பயறு விதைக்கு ரைசோபியம் இடும்போது, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைக்க வேண்டும். இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கலாகாது. வேர் உட்பூசணத்தை நாற்றங்காலில் விதைக்குச் சற்றுக் கீழே இடுவது சிறந்தது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு ஆகியவற்றுக்கு அதை வாங்க வேண்டாம். அக்குடும்பச் செடிகள் இப்பூசணத்தோடு உறவு கொள்வதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, மட்கும் சருகும் நிழலும் சிறிதளவு ஈரமும் இல்லாத மண்ணில், விலை கொடுத்து வாங்கிய நுண்ணுயிரும் நிலைக்காது. உணவில்லாத வீட்டில் விருந்தினர் தங்குவரோ?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றிப் பேசும்போது, பறவையையும் விலங்கையும் மட்டும் எண்ணி நின்றுவிடவில்லை. பூசணம், புழு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர் ஆகியவையும் இயற்கையின் நல்லியக்கத்திற்கு வேண்டியவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

அடுத்த கோடை எப்படி இருக்குமோ, நாம் அறியோம். ஆனால், இவ்வாண்டு உதிரும் சருகை அது விழுந்த இடத்திலேயே விட்டுவைக்கும் குடும்பம், அந்தக் கோடைக்கான ஆயத்தத்தை இன்றே தொடங்கிவிட்டது. அதற்குச் செலவும் இல்லை, கடனும் இல்லை. தீப்பெட்டியைச் சமையலறையிலேயே வைத்திருந்தால் போதும்.