முகமன் மொழியும் மறுமொழியும்

அயல்நாட்டிற்குத் தமிழ் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர் அந்நாட்டு மொழியில் முதற்கண் கற்பன முகமன் சொற்களே. அவற்றை ஒலியளவிற் கொள்ளாது, இலக்கணம் அறிந்து கற்றல் வேண்டும் என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரைக்காலுக்குத் தெற்கே நாகூரை அடுத்துள்ள கடற்கரையூர் கீழவாஞ்சூர். இக்கரையில் வளரும் மாணவர் 'வணக்கம்' என்பதனோடு 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதனையும், அதற்குரிய 'வ அலைக்குமுஸ்ஸலாம்' என்னும் மறுமொழியினையும் இளமை தொட்டே கேட்டறிவர். முகமன் ஒருவர் கூற்றன்று, இருவர் கூற்று என்னும் உண்மை அவர்க்கு எளிதின் விளங்கும்.

சொல்லமைப்பு நோக்கின் முகமன்களுள் மூவகை காணலாம். 'வணக்கம்' என்பது சொல்வோர் செயலை உணர்த்தும் தொழிற்பெயர். சிங்களத்தார் கூறும் 'ஆயுபோவன்' ஆயுள் பெருகுக என வாழ்த்துவது. நம் வியங்கோளை ஒத்தது. மலாய் மொழியின் 'அப்பா கபார்' என்பதோ 'என்ன செய்தி' என்னும் வினா.

வணக்கத்திற்கு வணக்கமே மறுமொழியாதல் சாலும். வினாவிற்கோ செப்பு வேண்டும். 'கபார் பாயிக்', அஃதாவது 'செய்தி நலம்' என்பதே அச்செப்பு. வினாவை மட்டும் கற்றுச் சென்றவர் தம்மை ஒருவர் வினவியவிடத்து வாளா நிற்க நேரும். செப்பும் வினாவும் வழுவாமற் காத்தலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வற்புறுத்தியது ஈண்டு நினைக்கத்தகும்.

விடைபெறுங்காலும் வழு நேர்தல் உண்டு. செல்வோரை நோக்கி நிற்போர் கூறுவது 'செலாமாட் ஜாலான்'. நிற்போரை நோக்கிச் செல்வோர் கூறுவது 'செலாமாட் திங்கால்'. 'ஜாலான்' வழியையும், 'திங்கால்' தங்குதலையும் குறிப்பன. 'போய் வாருங்கள்', 'போய் வருகிறேன்' என நாமும் இடமறிந்தே கூறுகின்றோம். 'செலாமாட்' என்பது 'சலாம்' என்பதனோடு ஒரே அரபு வேரினின்று பிறந்தது. ஆதலின் நாகூர்க் கரையினர்க்கு அச்சொல் முற்றும் புதிதன்று. கடை 'கெடாய்' எனவும், கப்பல் 'காப்பால்' எனவும் மலாயில் வழங்குதல் இக்கடல்வழி உறவின் பழமையைக் காட்டும்.

தனிநாயக அடிகள் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. அயல்நாட்டில் தமிழ்த்துறை நிலைபெறுதற்கு அந்நாட்டினரின் நல்லெண்ணமும் வேண்டும். அதனைப் பெறும் வாயில் அவர்தம் மொழியே.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறாரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். 1716இல் ஆலே நகரில் அவர்தம் தமிழிலக்கண நூல் அச்சேறிற்று. கற்பிக்க வந்தவர் முன்னர்க் கற்கும் மாணவராயினார். அயல்நாடு செல்லும் தமிழாசிரியரும் முதல் நாளில் மாணவராதலே முறை.